நாய்க்கு வெங்காயம் வேண்டாம் என்ற திரிசலா அக்கா

எங்கள் தெருவுக்கு ஒரு கெட்ட பழக்கம். சொல்வது யார் என்று பார்த்துவிட்டுத்தான், சொன்னதைக் காதில் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். அந்தப் பழக்கத்தால் நொந்து நூலாகிப் போனவர் திரிசலா அக்கா. என் பெயர் தங்கராசு, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். அக்கா வீட்டுக்கு நேர் எதிரே எங்கள் வீடு. நடந்ததை எல்லாம் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா மாற்ற வருகிறவர்கள் சர்வே நம்பரைத் தப்பாக எழுதிக் கொண்டுவந்தால் ஜெராக்ஸ் எடுக்க மாட்டார். "இத எடுத்துட்டுப் போனா உள்ள திருப்பி அனுப்புவாங்க, மொதல்ல சரியா எழுது" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கணவர் அருகன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. வாரத்தில் பாதி நாள் வல்லம் பக்கம் எங்காவது களத்தில் மூட்டை பிடித்துக்கொண்டிருப்பார். ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

அவர்கள் நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். வெங்காயம், பூண்டு, மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு எதுவும் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. பொழுது சாய்வதற்குள் சாப்பாடும் முடிந்துவிடும். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும், மரியாதையும் உண்டு. "அது அவங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகிற மரியாதை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் சிங்கவரம் ரோட்டில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி நனைந்துகொண்டு நின்றது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்து வெள்ளையன் என்று பெயர் வைத்தார். தெரு முழுக்க அதற்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம். ஆளுக்கு ஒரு பிஸ்கட், ஆளுக்கு ஒரு பன் துண்டு. ஒன்றரை வருடத்தில் அது உருண்டு திரண்டு, படி ஏறுவதற்கே மூச்சு வாங்க ஆரம்பித்தது. அக்கா அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். ஆட்டோ என்னுடையதுதான், டாக்டர் அறைக்குள்ளும் கூடவே போனேன்.

டாக்டர் கலைமதி பொறுமையாகச் சொன்னார். பிஸ்கட்டை அடியோடு நிறுத்த வேண்டும். ஆசைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் காய் கொடுக்கலாம். வெள்ளரிக்காய், வேகவைத்த பீன்ஸ், தோலும் விதையும் எடுத்து வேகவைத்த பூசணி, கேரட் எல்லாம் நல்லது. உப்பு, எண்ணெய், தாளிப்பு எதுவும் கூடாது. தொண்டையில் சிக்காத அளவுக்குச் சின்னதாக நறுக்க வேண்டும். அதுவே சாப்பாடு ஆகிவிடக் கூடாது, கொஞ்சம்தான். வெங்காயம், பூண்டு, திராட்சை மட்டும் கூடவே கூடாது. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும், பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் ஒன்றுதான் என்றார். அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கேரட் தங்கள் வீட்டுக்குள் வராது, அது இல்லாவிட்டால் பரவாயில்லையா என்று கேட்டார். பூசணியே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. கேரட் வேண்டாம் என்றது வழக்கம், வெங்காயம் வேண்டாம் என்றது வைத்தியம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததால் தெரு இரண்டையும் ஒன்றாக மூட்டை கட்டிவிட்டது. அக்கா வீடு வீடாகப் போய், குழம்புச் சோறு போடாதீர்கள், அதில் வெங்காயம் இருக்கிறது, நாய்க்கு ஆகாது என்று சொன்னார். ரிட்டயர்டு பஸ் டிரைவர் கோவிந்தசாமி அண்ணன் சிரித்தார்.

"ஏம்மா, நாய்க்கும் விரதமா? அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"இது எங்க வழக்கம் இல்லண்ணா. டாக்டர் சொன்னது."

"சரிம்மா, சரி" என்றார் அவர். அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். வாய்ப்பேச்சை நம்பினால் ஆகாது என்று கடையில் ஒரு நோட்டீஸ் தயாரித்தார். நாய்க்குக் கொடுக்கக்கூடிய காய்கள், கொடுக்கக்கூடாதவை என்று பெரிய எழுத்தில் போட்டு முப்பது பிரதி எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். தெரு அதற்கு 'நயினார் வீட்டு நோட்டீஸ்' என்று பெயர் வைத்தது. என் மனைவி மீனம்பாள் எங்கள் வீட்டுக்கு வந்ததை மடித்து மசாலா டப்பாக்களுக்கு அடியில் விரித்துவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளையனுக்கும் அக்கா வீட்டுக் கணக்குப்படி ஐந்தரைக்கே சாப்பாடு முடிந்துவிடும். எட்டு மணிக்கு நாங்கள் தட்டெடுத்து உட்காரும்போது அது எங்கள் வாசலில் வந்து நிற்கும். எனக்கு மனசு கேட்காது. பீன்ஸையும் பூசணியையும் தின்றுவிட்டு ஒரு நாய் எப்படித் தூங்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் வெங்காயம் இல்லாமல் ஒரு குழம்பும் இல்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தும், கொஞ்சம் தின்றால் என்ன ஆகிவிடும் என்று மிச்சச் சோற்றைக் குழம்போடு பிசைந்து வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு, அதில் கறியைவிட வெங்காயம்தான் அதிகம். எதிர்வீட்டில் சொல்லாதே என்று மீனம்பாளிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஏதோ புண்ணியம் செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா என் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றார். செருப்புகூடப் போடவில்லை. வெள்ளையன் எழுந்திருக்கவில்லை, மூத்திரம் டிக்காஷன் நிறத்தில் போகிறது என்றார். நான் அதைத் தூக்கி வண்டியில் படுக்கவைத்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர், காய்கறியைப் போட்டுப் போட்டே நாயைக் கொன்றுவிட்டார்கள் என்றார். அக்கா காதில் அது விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

டாக்டர் வெள்ளையனின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்துக் கிடந்தது.

"வெங்காயம் தின்னுதா?"

"எங்க ஊட்ல வெங்காயமே நுழையாது டாக்டர்" என்றார் அக்கா. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த வெறிநாய்க்கடி ஊசி போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. "தெருவுல யாராவது போட்டிருப்பாங்க. நானும் எத்தன பேருக்குத்தான் சொல்றது" என்று அக்கா சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அழுகை இல்லை அது, ஆற்றாமை.

குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். ரத்தம் இன்னும் குறைந்தால் வேறு நாயின் ரத்தம்தான் ஏற்ற வேண்டும், அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மூன்று நாள் பார்க்கலாம் என்றார் டாக்டர். மூன்று நாளும் நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அக்கா கடையைத் திறக்கவே இல்லை.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன். வெங்காயம் நாய்க்கு விஷம், டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டேன் என்றேன். ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசவில்லை. மூலை வீட்டு ரத்தினம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோவிந்தசாமி அண்ணனுக்கு முகமே மாறிவிட்டது.

"அப்படியா? இத நீ அன்னிக்கே சொல்லியிருந்தா யாருடா போடப் போறாங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை ஏதாவது சொல்லியிருப்பேன். சொல்வதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் காலையில் வெள்ளையன் தானாக எழுந்து நின்றது. கால் தள்ளாடியது, ஆனால் நின்றது. அக்கா உள்ளங்கையில் வைத்து நீட்டிய பூசணித் துண்டை மெதுவாக மென்றது. ஈறில் கொஞ்சம் சிவப்பு திரும்பியிருந்தது. பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டரும் போனில் சொல்லிவிட்டார். நல்ல சேதியோடு நல்ல சேதியாக இருக்கட்டும் என்று, நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

"தெருவே ஒத்துக்கிச்சுக்கா. இனிமே யாரும் போட மாட்டாங்க."

அக்கா நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆறு மாசமா நான் சொன்னன். நோட்டீஸ் குடுத்தன். நீ ஒரு சாயங்காலம் சொன்ன, கேட்டுக்கிட்டாங்க. எனக்கு சந்தோஷமா இல்ல தங்கராசு. எரிச்சலாத்தான் இருக்குது."

நான் பூசணிக் கிண்ணத்தை நாய் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"டெய்லி எட்டு மணிக்கு இது யாரு வாசல்ல நிக்கிதுன்னு எனக்குத் தெரியாதா? தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வந்துடும்னு நெனச்சிருந்தன். டாக்டர் கேட்டப்போ நீயே சொல்லிடுவியான்னுதான் உன்னப் பாத்தன்." அப்போதுதான் நிமிர்ந்தார். "எல்லார் ஊட்டுக்கும் போயி சொன்னியே, போட்டது யாருன்னு சொன்னியா?"

இல்லை. ஒவ்வொரு வீட்டிலும், யாரோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்லியிருந்தேன்.