கைவிரி அக்காவின் இரண்டு வரிகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் 'கைவிரி அக்கா' என்றுதான் பெயர். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். அறிவியல் கணக்குகளுக்கான மென்பொருள் நூலகமும், அதைப் பயன்படுத்திக் காட்டும் மாதிரி நிரல்களும் எங்கள் இருவர் பொறுப்பு. தேவையான வசதி, அதாவது நூலகத்தின் ஒரு துணைப் பகுதி, ஓட்டுகிற கணினியில் இல்லையென்றால் அக்காவின் நிரல், "இங்கே இந்தப் பகுதி இல்லை, கணக்கிட முடியாது" என்று சொல்லி நின்றுவிடும். சோதனைப் பட்டியலில் அதற்கு ஓடியதற்கான பச்சையும் கிடையாது, பிழைக்கான சிவப்பும் கிடையாது, மஞ்சள். மஞ்சளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அதிர்வுக் கணக்கு மாதிரியில் அந்தப் பேச்சே இல்லை. வசதி இல்லையா, பூஜ்யத்தைப் போட்டு 'முடிந்தது' என்று காட்டிவிடும். பட்டியல் பச்சைப்பசேல் என்றிருக்கும். நாலு வருடம் மார்தட்டிக்கொண்டேன்.

புதிய பதிப்பு வெளியாகும் வாரத்தில் அக்கா என் மாதிரிக்குள் இரண்டு வரி சேர்த்தார். வசதி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் சொல்லிவிட்டு நில்.

"நல்லா ஓடுறதை ஏன்க்கா நிறுத்துறீங்க?"

"எங்க ஓடுது? ஓடுற மாதிரி நடிக்குது."

"முடியாதுன்னு சொல்லலைன்னா உங்களுக்குச் சோறு இறங்காது!" என்று முகத்துக்கு நேரே கத்தினேன். அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

திங்கட்கிழமை, என் அதிர்வு மாதிரியைப் பயன்படுத்தும் பாலப் பொறியாளர் ஒருவர் மடிக்கணினியோடு வந்து குதித்தார். பழைய ஆற்றுப் பாலத்தில் மறுபடி பேருந்து விடலாமா என்று மறுநாள் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"போன மாசம் ஓடுன புரோகிராம் இப்ப முடியாதுங்குது. யாரு கை வச்சது?"

நான் முந்திக்கொண்டு அக்காவைக் காட்டினேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"போன மாசம் வந்த விடையைக் காட்டுங்க சார்."

காற்றினால் கூடும் அதிர்வு, ஒவ்வொரு தூணுக்கும் 0.00. கீழே 'முடிந்தது'.

"கவலைப்பட ஒண்ணுமில்லைன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார் பொறியாளர். குரல் இறங்கிவிட்டது.

எல்லா வசதியும் உள்ள எங்கள் பெரிய கணினியில் அக்கா அதையே ஓட்டினார். நடுத்தூணின் அதிர்வு பாதுகாப்பு எல்லையைத் தாண்டி நின்றது.

"கையெழுத்துப் போட்டிருப்பேனே! என் பொண்ணோட ஸ்கூல் பஸ்ஸும் அந்த வழிதான்..." பொறியாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடி இதை எழுதுனது யாரு?"

"நாங்கதான் சார்" என்றார் அக்கா.

அந்த 'நாங்க' என்னைச் சுட்டது.

"நாங்க இல்ல சார். நான்தான்" என்றேன்.

அன்றே என் மற்ற மாதிரிகளையும் திறந்து அதே இரண்டு வரியைச் சேர்த்தேன். பதினொன்றில் ஏழு மஞ்சளாயின. அக்கா எட்டிப் பார்த்தார்.

"அட, நாலு நிஜமாவே ஓடுதே!"