பதினாலு என்று எழுதிய ஏசுதாஸ்

பதினொரு மணிக்குத் தபால்காரர் மாடியேறி வரும் சத்தத்துக்காகச் சகுந்தலா காத்திருந்த காலம் அது. செங்கல்பட்டு ராட்டிணங்கிணறு பகுதியில், மருந்துக்கடைக்கு மேலே, மூன்று மேசையும் ஒரு கம்ப்யூட்டருமாக இருந்தது அந்தக் கணிப்பு அலுவலகம். கணவர் பரணிதரனுக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கும்பகோணத்திலிருந்து அவரோடு டவுன்ஷிப்புக்கு வந்தவள், படித்த புள்ளியியலை வீணாக்க மனமில்லாமல் தொண்ணூற்றாறில் இங்கே சேர்ந்தாள். தினமும் ஒரு மணி நேரப் பஸ் பயணம்.

கார்த் தொழில் தெரிந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்ப வேண்டும். வரும் பதில்களை வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்து, இனி என்ன நடக்கும் என்று கேட்ட கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும். உறையைப் பிரித்ததுமே கையெழுத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள். பச்சை மையில் எழுதும் கிண்டி பேராசிரியர். எல்லா எண்ணையும் அடித்துத் திருத்தும் தாம்பரத்து டீலர். நேரில் பார்க்காத அந்த மனிதர்கள் எல்லாரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகியிருந்தார்கள்.

இரண்டாயிரத்தில், கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்று கேட்டது: இன்னும் ஐந்து வருஷத்தில் இந்த வட்டாரத்தில் நூறு வீட்டில் எத்தனை வீட்டில் கார் இருக்கும்? அப்போது இருந்தது மூன்று. நாற்பது பதில்கள் வந்தன. முப்பத்தொன்பது பேர் நாலு, ஐந்து, ஆறு என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் பதினாலு என்று போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

முதலாளி பார்த்தசாரதி அந்தத் தாளைத் தனியே தள்ளி வைத்தார். "இது தப்பா எழுதினதும்மா. எடுத்துடுங்க. மத்தவங்க எல்லாரும் எவ்வளவு ஒத்துப்போறாங்க பாருங்க."

அந்த ஒத்துப்போதல்தான் சகுந்தலாவை உறுத்தியது. இரண்டு பேருக்குப் போன் செய்து, ஏன் ஐந்து என்று கேட்டாள். இருவரும் ஒரே பத்திரிகைக் கட்டுரையைச் சொன்னார்கள். முப்பத்தொன்பது வாய், ஆனால் பேச்சு ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது.

பதினாலு போட்டவரைத் தேடி, மதுராந்தகம் சாலையில் இருந்த கார் ஷோரூமுக்குப் போனாள். தாள் போனது அதன் உரிமையாளர் பெயருக்கு. அவருக்கு நேரமில்லாததால் சர்வீஸ் சூப்பர்வைசர் ஏசுதாஸிடம் கொடுத்துவிட்டார். ஏசுதாஸ் அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா மேடம், தப்பா எழுதிட்டனா?"

"தப்புன்னு சொல்ல வரலை. ஏன் பதினாலுன்னு கேக்க வந்தேன்."

அவர் சர்வீஸ் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். "இத்த பாருங்க. இந்த வருசம் வந்த வண்டில பாதி, அந்த வூட்டுக்கே மொத வண்டி. வாத்தியாரு, நர்சம்மா, கூடுவாஞ்சேரில புதுசா வூடு கட்டினவங்க. சிறுசேரில கம்ப்யூட்டர் கம்பெனி வரப்போவுதுன்னு இப்பவே வந்து வெல விசாரிச்சிகினு கீறாங்க." ரிஜிஸ்டரை மூடினார். "எங்கம்மா சந்திரம்மா அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டுச்சு. போன மாசம் நான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி எடுத்தேன். உங்க பேப்பர்ல எழுதின பெரிய மனுசங்க யாருனா என்னை எண்ணியிருப்பாங்களா?"

திரும்பி வரும் வழியெல்லாம் சகுந்தலாவுக்கு அதே நினைப்புத்தான். முப்பத்தொன்பது பேரும் ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள். தங்களைப் போல இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தங்களைப் போல இல்லாதவர்களை நினைக்கவில்லை.

பார்த்தசாரதி லேசில் சம்மதிக்கவில்லை. "உரிமையாளர் எழுதலை, வேலை செய்யறவர் எழுதியிருக்கார். வல்லுநர் பட்டியல்ல எப்படிச் சேர்க்கறது?"

"சேர்க்க வேண்டாம் சார். முப்பத்தொன்பது பேர் நடு எண் ஐந்து. கூடவே தனியா ஒரு பக்கம்: ஒருத்தர் பதினாலுங்கறார், அவர் யாரு, எதனால அப்படிச் சொல்றார். படிச்சுட்டு அவங்களே முடிவு பண்ணட்டும்."

மூன்று நாள் கழித்து அவர் சரியென்று தலையை ஆட்டினார். சீட் கம்பெனி ஐந்துக்கு ஏற்ற ஷெட்டைத்தான் கட்டியது. ஆனால் அந்தத் தனிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பக்கத்து மனையையும் சேர்த்து வாங்கிப் போட்டது.

இரண்டாயிரத்து ஐந்தில் அலுவலகமே கூடுவாஞ்சேரியிலும் சிறுசேரிக்குப் பக்கத்துப் படூரிலும் வீடு வீடாகப் போய் எண்ணியது. நூற்றுக்கு ஒன்பது. சகுந்தலா அதைச் சொல்ல ஷோரூமுக்கே போனாள்.

"அப்போ நானுந்தான் தப்பு," என்றார் ஏசுதாஸ், கொஞ்சம் வருத்தமாகவே.

"நீங்க சொன்ன எண் தப்பு. சொன்ன காரணம் சரி."

அவர் சிரித்துவிட்டு ஷோரூம் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் தயாரித்த எல்லாக் கேள்வித்தாளிலும் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே 'ஏன்?' என்று போட்டு நாலு வரி இடம் விட்டாள். சிலர் அந்த நாலு வரி போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் கார் விற்பனை படுத்தது. அதை யாருமே எதிர்பார்க்கவில்லை, ஏசுதாஸும்தான். அடுத்த வருஷம் பார்த்தசாரதி அலுவலகத்தை மூடினார். சகுந்தலாவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே பதில்கள் எல்லாம் மெயிலில் வந்தன, ஒரே மாதிரி எழுத்தில். யார் தயங்கி எழுதினார்கள், யார் அடித்துத் திருத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள அதில் வழியில்லை. பதினொரு மணி ஆனால் அவள் காது மட்டும் கொஞ்ச காலம் மாடிப்படிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.