மூச்சு விடச் சொன்ன வரி

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த அவளுக்கு, அங்கே ஓடும் இலவச மென்பொருளின் உதவிப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் கண் முதலில் ஒரே வரிக்குத்தான் போகும். அந்தப் பக்கத்தை எழுதியவர், அங்கேயே பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்து, போன வருடம் காலமான அவள் கணவர். "அவசரப்படாதீங்க, ஒரு மூச்சு இழுத்து விட்டுட்டு அடுத்த பட்டனை அழுத்துங்க" என்ற வரியில் அவர் குரலே கேட்டது.

மென்பொருளின் புதிய பதிப்பில் அவர் சொன்ன பட்டனே இல்லை. பக்கத்தைப் படித்து வேலை செய்தவர்களெல்லாம் திண்டாடினார்கள். உதவிப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தி, மென்பொருளைப் பராமரிப்பவருக்கு அனுப்பலாம் என்று தெரிந்ததும், பக்கத்தை நகலெடுக்கவும் மாற்றவும் அனுப்பவும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள்.

"அப்பா எழுதினதையாம்மா அழிக்கிற?" என்றாள் மகள்.

"தப்பா இருக்கே கண்ணு. உங்கப்பா இருந்திருந்தா முதல்ல அவரே மாத்தியிருப்பாரு."

படிகளைத் திருத்தினாள்; மூச்சு விடச் சொன்னதை மட்டும் விட்டுவைத்தாள். மென்பொருளைப் பராமரிப்பவர் பதில் எழுதினார்: "திருத்தம் நல்லா இருக்கு. அந்த அரட்டை வரி மட்டும் வேண்டாமே."

அந்த வரியை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு அழித்து அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

மறுநாள், புதிதாகச் சேர்ந்த பெண் அந்தப் பக்கத்தைப் பார்த்தே தடங்கலில்லாமல் வேலையை முடித்தாள். "இது யாரு எழுதினதுக்கா? தெளிவா இருக்கு."

"நாங்க ரெண்டு பேரும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். காலியாய்க் கிடந்த பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.