வாய்ப்பூட்டும் ஒற்றைப் பொத்தானும்

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர் அவர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா என்று சீண்டிப் பார்ப்பார்கள். அதற்கும் பதில் வராது.

போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நடக்க முடிந்ததும் மறுபடி சாரம் ஏறக் கிளம்பினார். மனைவி ஒரே நிபந்தனை வைத்தாள்.

"நான் போன் பண்ணா எடுக்கணும். ஒரு தடவை எடுக்கலேன்னாலும் இந்த வேலை வேணாம். கீழ நின்னு செய்ற வேலையா பாத்துக்கங்க."

அவருக்கோ தரையில் நின்றால் வேலை ஓடாது. சாரத்தில் ஒரு கை ரோலரில், இன்னொரு கை கம்பியில். எதை விட்டுவிட்டுப் போனை எடுப்பது? ஒற்றைப் பொத்தான் வைத்த ப்ளூடூத் ஹெட்செட் வாங்கினார். பொத்தானுக்கு வேலை பழக்கும் ஆப் ஒன்றையும் போனில் ஏற்றினார். அது லேசில் மசியவில்லை. எப்படி அழுத்தினாலும் போனிலிருந்த பாட்டுதான் பாடியது. பாட்டு ஆப்பை முடக்கிய பிறகே வழிக்கு வந்தது. மணிக்கட்டால் ஒரு தட்டு தட்டினால் அழைப்பை எடுக்கும். அழுத்திப் பிடித்தால் மனைவிக்கு 'நல்லா இருக்கேன்' என்று மெசேஜ் போகும். வாயைத் திறக்காமலே பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த வழி கண்டுவிட்ட பெருமை அவருக்குத் தாங்கவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பேச வேண்டியிருக்குமே!

மறுநாள் கான்ட்ராக்டர் புது ஹெல்மெட் கொடுத்தார். அதன் வார் காதோரம் இறுக்கமாக, சரியாகப் பொத்தானின்மேல் உட்கார்ந்தது. அவர் அண்ணாந்து அடிக்கும்போதெல்லாம் அதை அழுத்திப் பிடித்தது. அவருக்குத் தெரியாது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இரண்டு தெரு தள்ளித் துணிக்கடையில் வேலையில் இருந்த மனைவி, பாதி மடித்த துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சாரத்தின் அடியில் நின்று அவள் கத்தியது நாலாம் மாடிக்குக் கேட்டது. அவர் பதறி இறங்கினார்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"உங்களுக்கு என்ன ஆச்சு? வரிசையா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு வந்துக்கிட்டே இருக்கு! கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்களா ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கீங்களா? உசுரு போற நேரத்துலதான் இந்த மனுஷன் இப்படிச் சொல்வாருன்னு ஓடி வந்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வேலையை விடச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்.

"மெசேஜ் எல்லாம் வேணாம். நீங்க வேலை செய்ற சத்தம் கேட்டாப் போதும்" என்றாள் அவள்.

ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் வார் செய்த வேலை அவருக்குப் புரிந்தது. அன்றே பொத்தானை மாற்றி அமைத்தார். இப்போது அழுத்திப் பிடித்தால் அவளுக்கு அழைப்பு போகிறது. அவர் ஒன்றும் பேசுவதில்லை. சுவரில் ரோலர் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவளே வைத்துவிடுகிறாள். ஹெல்மெட் வாரை அவர் இன்னும் தளர்த்தவில்லை.