கணப்பருகே காய்ந்த ஷூ

மழைக்காலத்தில் எங்கள் குன்னூர் வீட்டில் எதுவும் தானாகக் காயாது. ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாமே கணப்படுப்பைச் சுற்றித்தான் காயும். அந்தச் சனிக்கிழமை, நனைந்திருந்த என் பாறையேறும் ஷூவையும் கணவர் அங்கேயே வைத்தார். பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பவர் என்பதால் நானும் யோசிக்கவில்லை.

"ஈரத்தோட போட்டீன்னா காலு வெறைச்சுப் போயிரும்" என்றார்.

மறுநாள் நல்ல வெயில். ஜெகதளா பக்கத்துப் பாறையில் நான் ஏற, தோழி ரெஹானா கீழே என் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்தாள். பாதி உயரத்தில், விரலகல விளிம்பில் வலது கால் நுனியை ஊன்றினேன். ஷூவின் அடி ரப்பர் அப்படியே பிரிந்து மடங்கியது. கால் வழுக்கி, தோள் பாறையில் மோதி, அந்தரத்தில் தொங்கினேன்.

"கயிறு எங்கிட்ட இருக்குதுங்கக்கா, பயப்படாதீங்க!" என்று ரெஹானா கத்தியது மட்டும்தான் காதில் விழுந்தது.

வீட்டில் கணவர் அந்த ஷூவை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குதிகாலைச் சுற்றிய ரப்பர் பட்டை பாதத்தை முன்னால் தள்ளுகிறது. அதனால்தான் விரல்கள் மடங்கி, உடல் எடை முழுவதும் நுனியில் நிற்கிறது என்பதைக் கண்டுகொண்டார்.

"இவ்வளவு பாரம் தாங்குற எடத்துல ஒரு தையல்கூட இல்ல, வெறும் பசைதான். அதப் போயி நான் சூட்டுல வெச்சிருக்கேன்" என்றவர், அன்று சாப்பிடவில்லை.

இப்போது என் ஷூ, செய்தித்தாள் திணித்து ஜன்னலோரம்தான் காய்கிறது. புறப்படும்போது அவர் நுனி ரப்பரைக் கட்டைவிரலால் நெம்பிப் பார்க்கிறார். அது அசையவில்லை என்றால்தான் ஷூ என் கைக்கு வரும்.