யட்டியாந்தோட்டையில் வேனுக்கு ஒரு ஏசி

யட்டியாந்தோட்டை பஜாரில், பழைய மின்சாமான் கடை முன்னால் எங்கள் வேன் நிற்கிறது. தோட்டம் தோட்டமாகப் போய்க் கண் பரிசோதிக்கும் வேன். பரிசோதிக்க உள்ளே இருட்டு வேண்டும். கதவை மூடினாலோ வெந்துபோகிறது. போன வாரம் ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருவர் நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்தார். இன்று ஏசி வாங்காமல் நான் கிளம்புவதாக இல்லை.

இருப்பதில் பெரியதைக் காட்டுகிறேன். கடைக்காரர் வேனில் இருக்கும் எங்கள் சின்ன ஜெனரேட்டரைப் பார்க்கிறார்.

“இது தாங்காதுங்க மிஸ். ஸ்டார்ட் ஆகுறப்ப ஏசி ரொம்பக் கரண்ட் இழுக்கும்.”

“போட்டுக் காட்டுங்க.”

போடுகிறார். ஜெனரேட்டர் முக்கி முனகி நின்றுவிடுகிறது. அடுத்த ஏசிக்கும் அப்படியே. கடைசியாக, மூலையில் கிடந்த சின்ன ஏசியைத் தூசி தட்டி மாட்டுகிறார். ஜெனரேட்டரின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு சீராகிறது. கால் மணி நேரம் நின்று பார்க்கிறேன். ஓடிக்கொண்டே இருக்கிறது.

“சில்லுன்னு எல்லாம் இருக்காதுங்க. மூச்சு முட்டாது, அவ்வளவுதான்.”

“அது போதும்.”

“ஆனா இதப் பூட்ட வேன்ல ஓட்டை வெட்டணுமே. உங்க ஆபீஸ் பெரியவங்ககிட்ட கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அவரிடம் சாக்குக்கட்டியை வாங்கி, வேனின் பக்கவாட்டில் நானே சதுரம் வரைகிறேன்.

“வெட்டுங்க.”