கைராசிக்காரரின் முதல் போணி

காலையில் பல் துலக்கும் முன்பே கைபேசியைப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. போன வாரம் அப்படிப் பார்த்தபோது, நான் இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்த ஓவியம் ஒன்றைக் கேட்டு யாரோ ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது. "சார், இன்னைக்கு நான்தான் ஃபர்ஸ்ட் கஸ்டமர், பாத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம், மூலையில உங்க பேரு இருக்குல்ல, அது இல்லாம ஒரு போட்டோ அனுப்புங்க. சோபாவுக்கு மேட்ச் ஆகுதான்னு பாக்கணும்."

என் பெயர் இருந்தால் சோபாவுக்கு என்ன கேடு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டுப் போய் வாயைக் கொப்பளித்தேன். கசப்பு போகவில்லை. உங்களுக்கு இது அதிகப்படியாகத் தோன்றலாம். அந்த சோபாக்காரர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். ஆனால் முதல் வியாபாரம் என்பதையும் பேரில்லாமல் என்பதையும் ஒரே மூச்சில் யாராவது சொன்னால் எனக்கு வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடை அடிக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் மதுரையில் படம் வரைந்து விற்க வேண்டுமென்றால் சாயங்காலம் வாசல் திறக்கும் கோடைப் பொருட்காட்சிதான் கதி. எங்கள் கடைக்கு இடப்பக்கம் டெல்லி அப்பளம், வலப்பக்கம் மிளகாய் பஜ்ஜி. எதிரே காய் நறுக்கும் கருவி விற்கிறவர் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடை மூடும் வரை வெங்காயம் நறுக்குவார். வெங்காயத்துக்கு நாங்களும் சேர்ந்து அழுவோம். பஜ்ஜி எண்ணெய்ப் புகையும் மைதானத்துப் புழுதியும் படங்களின் மேல் படியும். ஒரு தடவை என் படத்தில் நான் வரையாத மேகம் ஒன்று திரண்டிருந்தது, பஜ்ஜிக் கடை உபயம்.

அந்த மேகத்தால் படம் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் திருவாதவூர்க்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தார்கள். ஓவிய ஆசிரியர் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருந்த நேரத்தில் பனிமலை, மரவீடு, ஏரியில் இரண்டு அன்னம் என்று வரைந்து தள்ளினேன். திருமங்கலத்தைத் தாண்டாமலே ஐம்பது தடவை ஸ்விட்சர்லாந்து போய்வந்தவன் நான். அதுதான் விற்றது.

கடை வாடகையில் என்னோடு பாதி போட்ட பிரேமா அக்கா அந்த ரகம் இல்லை. மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். கணவருக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். வீட்டுக்குள் அவர்கள் மொழி, என்னிடம் அசல் மதுரைத் தமிழ். நாற்பதைத் தொட்டிருப்பார். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைவார். வற்றிய கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள், லாரிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கும் கிளீனர், ரேஷன் கடை வரிசையில் ஆளுக்குப் பதிலாகக் காத்திருக்கும் பைகள். அந்தப் பைகளில் எது யாருடையது என்று சொல்லிவிடலாம், அப்படி வரைவார். பக்கத்தில் என் அன்னங்கள் வெட்கமில்லாமல் நீந்திக்கொண்டிருக்கும்.

வருகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல. ஒருவர் அரைமணி நேரம் அக்காவின் படத்தைக் கிட்டப் போயும் எட்டப் போயும் பார்த்தார். சுற்றிக் கொடுக்க நான் செய்தித்தாளை எடுத்து விரித்தேன். கடைசியில் கேட்டார்: "படம் வேணாம்மா. சட்டம் மட்டும் எம்புட்டு?" இன்னொருவர் தன் மகளிடம், "பாத்துக்க, படிக்கலேன்னா இப்பிடித்தேன் உக்காரணும்" என்று எங்களைக் காட்டினார். அக்கா சிரித்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த ஜனத்தை வைத்துக்கொண்டு பிழைக்க எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை முதல் போணி. சூடம் காட்டிக் கடை திறந்ததும் வருகிற முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். அனுப்பினால் அன்றைய நாள் விளங்காது. இதில் நம்பிக்கை இல்லாத கடைக்காரர் யாரும் அந்த மைதானத்தில் இல்லை. மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டு வந்து புத்தகக் கடை போட்டிருந்தவர்கூட முதல் ஆளுக்குத் தனி விலை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்படி முதல் ஆளாக வந்தவர்தான் கைராசிக்காரர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, அமைதியான பேச்சு. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பதாகச் சொன்னார். வாசல் திறந்த சூட்டோடு வந்து லாரிப் படத்தைப் பாதிக்கும் கீழான விலைக்கு வாங்கிப் போனார். அன்றைக்கு என் ஸ்விட்சர்லாந்து மூன்று விற்றது. அடுத்த வாரமும் வந்தார், அன்றைக்கும் நல்ல வியாபாரம். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இப்போது வாய் கிழியச் சொல்கிறேன். அப்போது நான்தான் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயரே வைத்தேன். வரத் தாமதமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது தடவையோ என்னவோ, கண்மாய்ப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "தப்பா நெனைக்காதீகம்மா. படத்துல பேரு இருக்குறது வீட்டுல அவகளுக்குச் சங்கடமா இருக்கு. நம்ம வீட்டுச் செவத்துல அடுத்தவக பேரு எதுக்குங்குறாக."

அக்கா அன்று சூடம் காட்டும் முன்புதான் அந்தப் படத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைக்குக் கொண்டுவந்த பிறகே போடுவார், அது அவர் வழக்கம். முகம் மாறிப்போய், "பேரு இல்லாம எப்பிடிங்க?" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, போணி நேரம். விடுங்க, நான் அழிச்சுத் தாரேன்" என்றேன். டர்பன்டைனில் பஞ்சை நனைத்து, காயாத கையெழுத்தைத் துடைத்து எடுத்தேன். நன்றாகத் துடைத்தேன், தடம் தெரியாதபடி. அக்கா பஜ்ஜிக் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அந்த மனிதர் ஒரு பழைய பிரஷ்ஷையும் கேட்டார், கீபோர்டில் தூசி தட்ட வேண்டுமாம். அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு அது நடைமுறையாகிப் போனது. அவர் எடுக்கும் படத்தில் பெயர் இருக்காது. இரண்டு கோடைகளில் ஒன்பது படங்கள் அப்படிப் போயின.

இதற்கு நடுவில் சென்னையில் ஓவியக்கூடம் நடத்தும் ஒருவர் பொருட்காட்சிக்கு வந்தார். ரேஷன் பைகளைப் பார்த்து நின்றவர், "இதுவரை வரைஞ்ச எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா. சரியா இருந்தா தனிக் கண்காட்சியே வைக்கலாம்" என்றார். அக்காவுக்கு அது வெறும் சந்தோஷம் மட்டும் இல்லை. வீட்டில் மாடிக் கொட்டகையைச் சேலை மூட்டை போடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னையில் கண்காட்சி நடந்தால் கொட்டகை அக்காவுக்கு, நடக்காவிட்டால் மூட்டைக்கு என்று கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். கொட்டகை போனால் வரைய வேறு இடம் இல்லை, ஒண்டிக்குடித்தனம் போல நெருக்கிக்கொண்டு வாழ்கிற வீடு அது. விற்ற படங்களையும் கையெழுத்துப் போடும் முன்பே ஸ்டுடியோவில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அத்தனையும் ஆல்பமாகச் சென்னைக்குப் போயின.

மூன்றாவது கோடையில் கடை போட்டிருந்தபோது பதில் வந்தது. அக்கா கடிதத்தை என்னிடம் நீட்டினார். ஆல்பத்தில் உள்ள ஒன்பது படங்கள் வேறொரு ஓவியரின் பெயரில் இணையத்தில் விற்பனைக்கு இருக்கின்றன, பிறர் படைப்பை நகலெடுப்பவர்களுக்கு எங்கள் கூடத்தில் இடமில்லை. அவ்வளவுதான் கடிதம்.

நாகமலை புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த பிரௌசிங் சென்டர் ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் அக்காவை அங்கே கூட்டிப் போனேன். அந்தக் காலத்து இணையத்தில் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதலில் வானம் வந்தது. கரை வந்தது. கண்மாய்க்குள் மட்டை பிடித்த பையன் வந்தான். அக்கா, "நம்ம கண்மாய்" என்றார், மெதுவாக. அதற்குக் கீழே ஓவியர் என்று போட்டு, விபூதி நெற்றியோடு கைராசிக்காரரின் புகைப்படம் இறங்கியது. விலை டாலரில். கிராமத்து வாழ்வைத் தூரிகையில் வடிக்கும் கலைஞராம். கையில் நான் கொடுத்த அதே பழைய பிரஷ். அதையாவது ஒழுங்காகப் பிடித்திருந்தானா, தோசைக் கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தான். தூ. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் அக்காவுடையது, கையும் அக்காவுடையது.

சென்னைக்குத் தொலைபேசியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அசல் படம் உங்களிடம் இருக்கிறதா என்றார்கள். இல்லை. அசலில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்றார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அவர் வந்தார் என்றால் நம்புவீர்களா? சூடம் அணைந்துகூட இருக்காது. "என்னம்மா, போணி பண்ணலாமா?" என்று சிரித்த முகத்தோடு நின்றார்.

நான் கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "காசு குடுத்துத்தான தம்பி வாங்குனேன். பேர அழிச்சது நீங்கதான, நானா அழிச்சேன்?"

அக்கா எழுந்து வந்தார். "இங்க போணி இல்ல. போங்க" என்றார். முதல் ஆளை ஒரு கடைக்காரர் விரட்டியதை அந்த மைதானத்தில் நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

அவர் கடையை விட்டு இறங்கியிருப்பார், அவ்வளவுதான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வெங்காயக் கருவிக்காரர் மைக்கிலேயே கூப்பிட்டார்: "அண்ணே, இங்கிட்டு வாங்கண்ணே. நம்ம கடையில போணி பண்ணுங்கண்ணே." அப்பளக் கடைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "வந்த லச்சுமிய வெரட்டிட்டீகளேப்பா" என்றார். எங்களுக்கு அன்று ஒரு படமும் விற்கவில்லை. அக்கா இருட்டும் முன்பே படங்களை இறக்கிக் கட்டினார். அடுத்த மாதம் தகரக் கொட்டகைக்குச் சேலை மூட்டைகள் ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த மைதானத்தில் இப்போது குளிர்சாதனக் கட்டடம் நிற்கிறது, பஜ்ஜிப் புகைக்கு அங்கே வேலையில்லை. பிரௌசிங் சென்டர் இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை வந்து, அதுவும் போய்விட்டது. அந்த இணையதளமும் எப்போதோ செத்துவிட்டது. ஒன்பது படங்களும் எந்த நாட்டில் யார் வீட்டில் தொங்குகின்றனவோ.

இவ்வளவு நேரமும் அந்த ஆளைக் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் கேட்டுவிடுங்கள். அடுத்த கோடையில் நான் தனியாகக் கடை போட்டேன். முதல் வாரம் ஈ ஓட்டினேன். எட்டாம் நாள், வாசல் திறந்ததும் வெள்ளைச் சட்டை தெரிந்தது. என் கடை முன்னால் வந்து நின்றது. ஸ்விட்சர்லாந்து ஒன்றைக் காட்டி விலை கேட்டது. நான் சொன்னேன். அவர் படத்தின் மூலையைக் கண்ணால் காட்டினார். நானே பஞ்சை எடுத்து, டர்பன்டைனில் நனைத்து, என் பெயரைத் துடைத்தேன்.

படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே நிமிர்ந்தபோது, அப்பளக் கடைக்கு முன்னால் பிரேமா அக்கா இரண்டு பிள்ளைகளோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கைராசிக்காரர் போகும் வரை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"போணியாச்சா தம்பி?" என்றார்.

"ஆச்சுக்கா" என்றேன்.

பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு நல்ல வியாபாரம். அக்காவை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.